பூங்காவுக்கென்று எடுத்துவைத்த பணத்தை யார் காவல் காக்கிறார்கள்? சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் ஏற்பாடு

கேள்வி இது: "சான் பிரான்சிஸ்கோவில் குடியிருப்புப் பகுதிப் பூங்காக்களுக்கு ஒதுக்கும் வரிப்பணத்தைப் பொதுமக்கள் குழு ஒன்று கண்காணிக்கிறதாமே. அந்தக் குழுவுக்கு நிஜமாகவே அதிகாரம் உண்டா, இல்லை பேருக்கு உட்கார வைத்திருக்கிறார்களா?"

நேராகச் சொன்னால், புரோசாக் என்று சுருக்கமாகக் கூப்பிடும் அந்தக் குழுவால் ஒரு காசோலையில்கூடக் கையெழுத்துப் போட முடியாது. ஒரு டெண்டரை நிறுத்தவோ ஓர் அதிகாரியை மாற்றவோ முடியாது. இருந்தும் அதை அலங்காரக் குழு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த நகரம் முதலில் பணத்துக்குச் சட்டத்தில் வேலி போட்டது. அதற்கு அப்புறம்தான் வேலிக்குப் பக்கத்தில் ஆளை உட்கார வைத்தது. குழு எப்படி வேலை செய்கிறது என்று புரிய, வேலி எப்படிப் போடப்பட்டது என்பதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பல ஊர்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. குழு முதலில் வந்துவிடும். அது எந்தப் பணத்தைப் பார்க்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்காது.

சான் பிரான்சிஸ்கோவின் பூங்கா, பொழுதுபோக்குத் துறையிடம் 220-க்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. 1,017 ஏக்கர் பரப்புள்ள கோல்டன் கேட் பூங்காவும் அதில் அடக்கம். நாலு ஊஞ்சலும் ஒரு மணல் தொட்டியும் மட்டும் உள்ள தெருமுனைத் திடல்களும் அடக்கம். துறைக்கு மேலே மேயர் நியமிக்கும் ஏழு பேர் கொண்ட ஆணையம் இருக்கிறது. அதற்கும் மேலே, 11 வட்டாரங்களிலிருந்து தேர்தலில் ஜெயித்து வரும் 11 பேரின் நகர மன்றம். அங்கே உறுப்பினரைச் சூப்பர்வைசர் என்பார்கள். நம் பக்கத்துக் கவுன்சிலர் மாதிரிதான், ஆனால் ஒவ்வொருவரும் சுமார் 80,000 பேருக்குப் பிரதிநிதி. பட்ஜெட்டை முடிவு செய்கிற அதிகாரம் மேயரிடமும் இந்த மன்றத்திடமும்தான் இருக்கிறது. நாம் பேசும் குழு இவர்கள் எல்லோருக்கும் வெளியே நிற்கிறது.

இனி பணம். 1974-இல் அந்த நகர வாக்காளர்கள் ஒரு வாக்கெடுப்பில், சொத்துவரியில் ஒரு சிறு பங்கைத் திறந்தவெளிகளை வாங்கவும் பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளவும் தனியாக எடுத்துவைக்கும்படி சட்டமாக்கினார்கள். நாலு வருஷத்தில், 1978-இல், கலிபோர்னியா மாநிலம் முழுவதையும் புரட்டிப்போட்ட 13-ஆம் எண் சட்டத் திருத்தம் வந்தது. சொத்துவரி மதிப்பில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சொத்து கைமாறும்வரை அந்த மதிப்பும் வருஷத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று அது கட்டிப்போட்டது. மொத்த வருமானமே சுருங்கிவிட்டால் போலீஸ், தீயணைப்பு, மருத்துவமனை எல்லாம் முன்னால் வந்து நிற்கும். பூங்கா கடைசி வரிசைக்குப் போகும். இப்படி முன்கூட்டியே எடுத்துவைக்கும் பங்குக்கு அந்த நகரத்தில் மதிப்பு கூடியது அதனால்தான். நூலகங்களுக்கும் குழந்தைகள் நலனுக்கும்கூட அங்கே இப்படித் தனிப் பங்கு உண்டு.

2000 மார்ச்சில் வாக்காளர்கள் இந்தப் பங்கை 2030-31 வரை நீட்டித்தார்கள். விகிதம், சொத்து மதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் இரண்டரை சென்ட். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 லட்சம் டாலர் வரி மதிப்புள்ள வீட்டுக்காரர் ஒரு சதவீதக் கணக்கில் 10,000 டாலர் கட்டுகிறார் என்றால், அதில் 250 டாலர் இந்த நிதிக்குப் போகும். இது மேற்கொண்டு கட்டும் வரி இல்லை, ஏற்கெனவே கட்டுவதிலிருந்து பிரித்து எடுப்பது. நகரத்தின் மொத்தச் சொத்து மதிப்பு 30,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டதால், வருஷத்துக்கு ஏழரைக் கோடி டாலருக்குக் குறையாமல் இந்த வழியில் வருகிறது. அதில் குறைந்தது ஐந்து சதவீதம் புது நிலம் வாங்குவதற்கு என்றே ஒதுங்க வேண்டும். மூன்று சதவீதம் எதிர்பாராத செலவுக்கான இருப்பு. இவ்வளவும் நகரத்தின் அடிப்படைச் சாசனத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. மேயர் மாறினாலும், மன்றத்தில் கட்சிக் கோஷ்டி மாறினாலும், வாக்காளர்களிடம் திரும்பப் போகாமல் இதைத் தொட முடியாது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தனி நிதி இருக்கிறதே என்ற தைரியத்தில், நகரத்தின் பொது நிதியிலிருந்து பூங்காவுக்கு வந்துகொண்டிருந்த தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடலாம். தனி நிதியின் கணக்கில் ஒரு காசும் தப்பாக இருக்காது, ஆடிட்டர் வந்தாலும் எல்லாம் சுத்தம் என்பார். ஆனால் பூங்காவுக்குக் கிடைக்கும் மொத்தம் ஏறியிருக்காது. "இந்த வரி இந்த வேலைக்கு மட்டும்" என்று சொல்லிப் பணம் வாங்கும் எந்த ஊரிலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. தனி நிதியின் வரவு செலவை மட்டும் பார்க்கிற குழுவுக்கு இது கண்ணிலேயே படாது.

இதை அடைக்கத்தான் 2016 ஜூனில் இன்னொரு சாசனத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. சுமார் 60 சதவீத ஆதரவோடு ஜெயித்தது. பொது நிதியிலிருந்து பூங்காத் துறைக்கு ஆண்டுக்கு 6.4 கோடி டாலர் என்ற அடிமட்டத்தை அது நிர்ணயித்தது. அந்தத் தொகை அடுத்த பத்து வருஷமும் ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் ஏறிக்கொண்டே போக வேண்டும். நகரத்தின் பட்ஜெட்டில் 20 கோடி டாலருக்கு மேல் துண்டு விழும் என்று தெரிந்தால் அந்த வருஷ ஏற்றத்தை நிறுத்திவைக்கலாம். அந்தப் பத்து வருஷத்தில் அடிமட்டத்தைக் குறைக்க முடியாது. தனி நிதியின் ஆயுளும் 2045-46 வரை நீண்டது. அதே திருத்தம் துறையின் தலையில் எழுத்து வேலையையும் கட்டியது: ஐந்தாண்டுத் திட்டம், கட்டுமானச் செலவுத் திட்டம், வருஷா வருஷம் செயல்திட்டம். எந்த ஏழைப் பகுதிக்கு எவ்வளவு போகிறது, வசதியான பகுதிக்கு எவ்வளவு போகிறது என்ற ஒப்பீடும் அதில் இருந்தாக வேண்டும்.

இப்போது குழுவுக்கு வருவோம். அதன் முழுப்பெயர் பூங்கா, பொழுதுபோக்கு, திறந்தவெளி ஆலோசனைக் குழு. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து புரோசாக் என்று கூப்பிடுவார்கள். மொத்தம் 23 பேர். ஒவ்வொரு சூப்பர்வைசர் சார்பிலும் இரண்டு பேர், மேயர் சார்பில் ஒருவர். அந்த இரண்டு பேரில் ஒருவராவது பூங்கா, சுற்றுச்சூழல், விளையாட்டு, இளைஞர், முதியோர் போன்ற விஷயங்களில் வேலை செய்யும் அமைப்புகள் கொடுத்த பெயர்களிலிருந்து வர வேண்டும். சூப்பர்வைசர் தன் தேர்தல் ஏஜென்ட்டுகளையே இரண்டு இடத்திலும் போட்டு நிரப்பாமல் இருக்க இது ஓரளவு உதவுகிறது. யாருக்கும் சம்பளம் கிடையாது. மாதம் ஒரு மாலை, கோல்டன் கேட் பூங்காவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் மெக்லாரன் லாட்ஜ் என்ற பழைய கல் கட்டடத்தில் கூடுகிறார்கள். துறையின் தலைமை அலுவலகமும் அதுதான்.

அந்த மாலையில் என்ன நடக்கிறது? துறை அதிகாரிகள் திட்டத்தோடும் கணக்கோடும் வந்து விளக்க வேண்டும். ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவு, கட்டுமானச் செலவுத் திட்டம், பட்ஜெட், நிலம் வாங்கும் யோசனைகள் எல்லாம் இந்த மேஜையைத் தொட்டுவிட்டுத்தான் ஆணையத்துக்குப் போகின்றன. குழு கேள்வி கேட்கும், மாற்றம் சொல்லும், ஓட்டெடுத்துப் பரிந்துரைக்கும். பரிந்துரையை ஆணையம் ஏற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் ஏற்காமல் விட்டால், அதுவும் பொதுக்கூட்டத்தில், பதிவில் ஏறும்படிதான் நடக்கும்.

கலிபோர்னியாவில் 1953-லிருந்து பிரவுன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. எந்த உள்ளாட்சிக் குழுவாக இருந்தாலும் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னதாக நிகழ்ச்சி நிரலைப் பொதுவில் ஒட்ட வேண்டும், நிரலில் இல்லாத விஷயத்தில் முடிவெடுக்கக் கூடாது, வந்தவர் யாராக இருந்தாலும் பேச நேரம் தர வேண்டும். சான் பிரான்சிஸ்கோ இதைவிடக் கடுமையான தன் சொந்த வெளிப்படைத்தன்மைச் சட்டத்தையும் வைத்திருக்கிறது. புரோசாக்கின் பலத்தில் பாதி இந்தச் சட்டங்களிலிருந்து வருகிறது என்பது என் கணிப்பு. அறைக்குள் நடக்கும் ஆலோசனைக்கும், கதவைத் திறந்துவைத்து நடக்கும் ஆலோசனைக்கும் அதிகாரிகள் தயாராகி வருகிற விதமே வேறு.

குழுவின் கை உண்மையில் ஓங்கியிருப்பது நிலம் வாங்கும் விஷயத்தில். அந்த ஐந்து சதவீதத்தைத்தான் சொல்கிறேன். நிதி ஏழரைக் கோடி என்று வைத்தால் வருஷத்துக்கு 37.5 லட்சம் டாலர். கேட்கப் பெரிய தொகை. ஆனால் சான் பிரான்சிஸ்கோ மனை விலையில் இதை வைத்துக்கொண்டு ஒரு நல்ல இடத்தை வாங்கவே சில வருஷம் சேர்க்க வேண்டும். ஆக, எதை வாங்குவது என்பதைவிட எதை விடுவது என்பதுதான் கஷ்டமான முடிவு. இதற்காகத் துறை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. வாங்கத்தக்க இடங்கள் அதில் ஏறும். நகரத் திட்டத்தில் "அதிகத் தேவையுள்ள பகுதிகள்" என்று ஒரு வரைபடமும் இருக்கிறது. மக்கள் நெருக்கம், வீட்டு வருமானம், குழந்தைகளும் முதியவர்களும் எத்தனை பேர், பக்கத்துப் பூங்கா எவ்வளவு தூரம், புதுக் கட்டடங்கள் எங்கே வருகின்றன என்பதையெல்லாம் சேர்த்துப் போட்ட வரைபடம். யாராவது ஓர் இடத்தைச் சிபாரிசு செய்தால், முதலில் அந்த வரைபடத்தில் அது எங்கே விழுகிறது என்று பார்ப்பார்கள்.

இந்த நிதியால் வந்தவற்றில் எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு மிஷன் பகுதியில் 17-ஆவது தெருவும் ஃபால்சம் தெருவும் சந்திக்கும் மூலை. நகரக் குடிநீர் நிறுவனத்துக்குச் சொந்தமான கார் நிறுத்துமிடமாக இருந்தது. சுற்றிலும் வாடகை வீடுகள், நெருக்கமான லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள், விளையாட இடமில்லாத பிள்ளைகள். அந்தப் பகுதி மக்கள் வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, திறந்தவெளி நிதியையும் மாநில மானியத்தையும் சேர்த்து, 2017 ஜூனில் இன் சான் காஹால் பூங்கா திறந்தது. ஓர் ஏக்கருக்கும் குறைவான இடம்தான். ஆனால் அந்த வரைபடம் சுட்டிக்காட்டிய இடத்துக்கே பணம் போய்ச் சேர்ந்தது.

இதற்கு எதிர்முனையில் ரஷியன் ஹில் இருக்கிறது. நகரத்தின் வசதியான மேடுகளில் ஒன்று. 1859-இல் கட்டப்பட்டு 1940-லேயே ஓய்வு பெற்றுவிட்ட பிரான்சிஸ்கோ நீர்த்தேக்கம் அங்கே சும்மா கிடந்தது, நாலரை ஏக்கர். அங்கிருந்து பார்த்தால் வளைகுடா முழுக்கத் தெரியும். அதைக் குடிநீர் நிறுவனத்திடமிருந்து 99 லட்சம் டாலருக்கு, 12 வருஷத் தவணையில், இதே நிலம் வாங்கும் நிதியிலிருந்து கொடுப்பதாகப் பூங்காத் துறை 2014-இல் ஒப்பந்தம் போட்டது. பூங்கா கட்டும் செலவின் பெரும்பகுதியை அக்கம்பக்கத்துச் செல்வந்தர்கள் நன்கொடையாகத் திரட்டினார்கள். 2022-இல் திறந்தது, அழகான பூங்கா. இதைத் தப்பு என்று சொல்ல முடியுமா? நாலரை ஏக்கர் நகரத்துக்குள் இனி எங்கே கிடைக்கும்? கட்டுவதற்கான காசும் வெளியிலிருந்து வருகிறது. ஆனால் ஒரு தவணைக்குப் போகும் ஒவ்வொரு டாலரும் ஏழைப் பகுதிகளான பேவியூவுக்கோ டெண்டர்லாயினுக்கோ போகாத டாலர். நன்கொடை திரட்டும் தெம்பு உள்ள பகுதிக்குப் பொதுப்பணம் துணைக்குப் போகும்; அந்தத் தெம்பு இல்லாத பகுதி வரிசையில் காத்திருக்கும். இந்த இழுவிசையை அடக்கத்தான் வரைபடம், விதிமுறை, குழுவின் 23 குரல்கள் எல்லாம். என்னைக் கேட்டால், ரஷியன் ஹில்லை வாங்கியது சரி. குறைந்த ஆண்டுத் தவணையில் வாங்கி மற்ற பகுதிகளுக்குக் கொஞ்சம் இடம் விட்டது அதைவிடச் சரி.

பேவியூ பக்கம் அதே 2014-இல் இன்னஸ் அவென்யூவின் 900-ஆம் எண் இடமும் வாங்கப்பட்டது. பழைய படகு கட்டும் தளம். மண் முழுக்க நச்சு. சுத்தம் செய்து, கட்டி, திறக்க 2024 ஆகிவிட்டது. நிலம் வாங்குவது சின்னச் செலவு, அதைப் பிள்ளைகள் ஓடி விளையாடும் நிலமாக்குவதுதான் பெரிய செலவு. தொழிற்சாலைக் கழிவை எப்போதுமே ஏழைகளின் பக்கத்தில்தான் கொட்டினார்கள். ஆக, அங்கே ஓர் ஏக்கர் பூங்காவுக்கு ஆகும் காலமும் காசும் மேட்டுக்குடிப் பகுதியைவிடக் கூடுதல். ஏக்கர் கணக்கை மட்டும் வைத்து நியாயம் பேசுகிற அறிக்கைகளில் இது தெரிவதே இல்லை.

பெரிய கட்டுமானப் பணம் வேறு பாதையில் வருகிறது. அதற்குக் காவலும் வேறு. பழைய விளையாட்டுத் திடலை இடித்துக் கட்ட, கழிப்பறை போட, நீச்சல் குளம் புதுப்பிக்க எல்லாம் நகரம் கடன் பத்திரம் வெளியிடும். அதற்கு வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதிக்க வேண்டும். பூங்காக்களுக்காக 2000-இல் 11 கோடி டாலர், 2008-இல் 18.5 கோடி, 2012-இல் 19.5 கோடி என்று ஒப்புதல் கிடைத்தது. 2020-இல் வந்த 48.75 கோடி டாலர் பத்திரத்தில் 23.9 கோடி பூங்காக்களுக்கு. மூன்றில் இரண்டு பங்கு என்பது லேசான உயரம் இல்லை. முந்தைய பணம் எங்கே போனது என்று காட்டாமல் அடுத்த முறை ஓட்டு கேட்டுப் போக முடியாது. எந்தக் கண்காணிப்புக் குழுவைவிடவும் இந்தப் பயம் நன்றாக வேலை செய்கிறது.

2008 பத்திரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். குடியிருப்புப் பகுதிகளில் எந்த 12 பூங்காக்கள் என்று சொல்லியே 11.74 கோடி டாலர். துறைமுக ஓரத்துப் பூங்காக்களுக்கு 3.35 கோடி. கழிப்பறைகளுக்கு 1.14 கோடி. அப்புறம் 50 லட்சம் டாலர், மக்களே யோசனை சொல்லி, தங்கள் உழைப்பையோ திரட்டிய பணத்தையோ சேர்த்துக் கேட்டு வாங்கும் சிறு வேலைகளுக்கு. இது நல்ல வரவேற்பு பெற்றதால் 2012-இல் இதே தலைப்பில் 1.2 கோடி வைத்தார்கள். "பூங்கா மேம்பாட்டுக்கு 18.5 கோடி" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் எந்தக் குழுவாலும் அதைக் கண்காணித்திருக்க முடியாது. பூங்காவின் பெயரும் எதிரே ஒரு தொகையும் எழுதியிருந்தால், பக்கத்து வீட்டுப் பாட்டியால்கூட "எங்க பூங்கா வேலை ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை?" என்று கேட்க முடியும்.

பத்திரப் பணத்தைப் பார்ப்பது புரோசாக் இல்லை. 2002-இல் வாக்கெடுப்பு வழியாகவே உருவான இன்னொரு குழு, ஒன்பது பேர். மேயர் மூன்று பேரை, மன்றம் மூன்று பேரை, கணக்குத் தலைவரான கன்ட்ரோலர் இரண்டு பேரை நியமிப்பார்கள். ஒருவர், நகர நிர்வாகத்தைத் துருவிப் பார்க்கும் குடிமக்கள் நடுவர் குழு சார்பில் வருவார். இந்தக் குழுவுக்குப் பல் உண்டு. வாக்காளர்கள் சொன்ன வேலைக்கு வெளியே பணம் போகிறது என்று தணிக்கையில் தெரிந்தால், இன்னும் விற்காத பத்திரங்களை வெளியிட விடாமல் தடுக்கலாம். அந்தத் தடையை நகர மன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டால்தான் விலக்க முடியும். இன்னொன்று, ஒவ்வொரு பத்திரத் தொகையிலும் 0.1 சதவீதம் இந்தக் குழுவின் வேலைக்கென்றே ஒதுங்கும். 18.5 கோடியில் அது 1,85,000 டாலர். வெளியிலிருந்து ஆடிட்டரை அமர்த்த அது போதும். கண்காணிப்புக்குச் சொந்தக் காசு இல்லாவிட்டால், கண்காணிக்கப்படுகிறவர் தருகிற அறிக்கையைத்தான் குழு படித்துக்கொண்டிருக்க வேண்டும். புரோசாக்கின் நிலை ஏறக்குறைய அதுதான், அதன் முக்கியமான பலவீனமும் அதுதான்.

அந்தப் பலவீனத்தை ஓரளவு ஈடுகட்டுவது கன்ட்ரோலர் அலுவலகம் வெளியிடும் பூங்கா மதிப்பெண். 2003-இல் வந்த சட்டத்தின்படி, புல்தரை, குப்பை, கழிப்பறை, விளையாட்டுச் சாமான், மரம் என்று ஒவ்வொன்றுக்கும் தரம் வகுத்து, பூங்கா பூங்காவாகப் போய்ப் பார்த்து, வட்டார வாரியாக மதிப்பெண்ணை வருஷா வருஷம் வெளியிடுகிறார்கள். எந்த வட்டாரம் தொடர்ந்து அடியில் இருக்கிறது என்று எண்ணாகக் கையில் இருந்தால், புரோசாக்கில் அந்த வட்டாரத்து உறுப்பினர் பேசும் பேச்சே மாறிவிடுகிறது. புலம்பலாகக் கேட்டது, பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வியாகிவிடுகிறது.

இத்தனை காவலும் தொடாத இடங்கள் இருக்கின்றன. நோயி வேலி சதுக்கம் அதற்கு ஒரு சாட்சி. 24-ஆவது தெருவில் கார் நிறுத்துமிடமாக இருந்த இடத்தைத் திறந்தவெளி நிதியில் வாங்கி, 2016-இல் சின்னச் சதுக்கமாகத் திறந்தார்கள். வார இறுதியில் உழவர் சந்தை கூடும். அங்கே ஒரே ஒரு கழிப்பறை கட்ட 17 லட்சம் டாலர் ஆகும் என்ற மதிப்பீடு 2022 அக்டோபரில் வெளியே வந்தது. நாடே சிரித்தது. அது மாநில அரசின் பணம். மாநில அரசும் அந்தப் பணத்தை நிறுத்திவைத்தது. பிறகு ஒரு நிறுவனம் ஆயத்தக் கழிப்பறையை நன்கொடையாகக் கொடுத்து, 2024-இல் அது திறந்தது. இங்கே யாரும் திருடவில்லை. வடிவமைப்புக்கு ஓர் அனுமதி, கலை ஆணையத்தின் பார்வைக்கு ஓர் அனுமதி, மின்சாரத்துக்கு ஒன்று, பொதுப்பணிக்கு ஒன்று என்று அடுக்கிக்கொண்டே போன நடைமுறையும், அந்த நகரத்துக் கட்டுமானக் கூலியும் சேர்ந்து எண்ணை அங்கே கொண்டு நிறுத்தின. செலவு விதிப்படிதானா என்று பார்க்கிற குழுவுக்கு விதியே செலவை ஏற்றுகிறது என்பது தென்படாது. தென்பட்டாலும் மாற்ற அதிகாரம் இல்லை. இந்த நடைமுறைகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாரோ நல்ல எண்ணத்தோடு கொண்டுவந்த கண்காணிப்புதான் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இன்னொரு சம்பவம் இதைவிட வலிக்கிறது. சான் பிரான்சிஸ்கோ பார்க்ஸ் அலையன்ஸ் என்ற தொண்டு நிறுவனம் பல வருஷமாகப் பூங்காத் துறையின் கூட்டாளியாக இருந்தது. நன்கொடை வாங்கித் திடல்கள் புதுப்பிக்கும்; சின்னச் சின்னத் தெருத் தோட்டக் குழுக்களுக்கு வங்கிக் கணக்கு மாதிரி இருந்து அவர்கள் பணத்தைப் பத்திரமாக வைத்துத் தரும். 2020-லேயே ஒரு மணி அடித்தது. ஊழல் வழக்கில் கைதான பொதுப்பணித் துறைத் தலைவர் முகமது நூருவின் விவகாரத்தைத் துருவிய கன்ட்ரோலர், ஒப்பந்தக்காரர்கள் கொடுத்த பணம் இந்த நிறுவனத்தின் துணைக் கணக்குகள் வழியாகப் போய்வந்ததை வெளியிட்டார். 2025-இல் முழுக்க உடைந்தது. குறிப்பிட்ட வேலைக்கென்று நன்கொடையாளர்கள் கொடுத்த பணத்தில் குறைந்தது 38 லட்சம் டாலரைத் தன் அன்றாடச் செலவுக்கு எடுத்துவிட்டதாக அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. சில வாரங்களில் கதவை மூடியது. சந்தையில் பலகாரம் விற்றும் உண்டியல் குலுக்கியும் சேர்த்த காசை அங்கே போட்டுவைத்திருந்த தெருக் குழுக்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. புரோசாக்கின் எல்லைக்குள் அந்தப் பணம் வரவே இல்லை. பத்திரக் குழுவின் எல்லைக்குள்ளும் வரவில்லை. அரசுப் பணத்துக்கு மூன்றடுக்குக் காவல் போட்ட நகரம், அதே பூங்காக்களுக்குள் பாயும் நன்கொடைப் பணத்தை நம்பிக்கையின் பேரில் விட்டுவைத்தது. எந்த நகரமாவது இதைப் பார்த்து ஏற்பாடு செய்ய நினைத்தால், முதலில் இந்தப் பக்கத்தைத்தான் படிக்கச் சொல்வேன்.

குழுவின் உள்ளேயும் சிக்கல் உண்டு. 23 பேர் என்பது சம்பளமில்லாத வேலைக்குப் பெரிய எண்ணிக்கை. ஒரு சூப்பர்வைசர் பெயர் தராமல் தாமதித்தால் அந்த வட்டாரத்தின் இருக்கை காலியாகக் கிடக்கும். பெரும்பாலும் குரல் தேவைப்படுகிற வட்டாரமாகவே அது இருந்துவிட்டால் நஷ்டம் இரட்டிப்பு. மாதாமாதம் மாலையில் வந்து உட்கார, ஓய்வு பெற்றவர்களுக்கும் வசதியானவர்களுக்கும் முடியும். இரண்டு வேலை பார்க்கிற தாய்க்கு முடியாது. 2024 நவம்பரில் நகர வாக்காளர்கள், நூற்றுக்கும் மேற்பட்ட ஆணையங்களையும் குழுக்களையும் அலசி எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்ல ஐந்து பேர் கொண்ட பணிக்குழுவுக்கு ஒப்புதல் தந்தார்கள். குழுக்கள் மலிந்துபோன நகரம் என்பது உண்மை, அலச வேண்டியதுதான். ஆனால் பூங்காக் குழுவைப் பொறுத்தவரை என் விருப்பம் வேறு. எண்ணிக்கையை 11-ஆகவோ 12-ஆகவோ குறைக்கலாம். பத்திரக் குழுவுக்கு இருப்பதுபோல ஒரு சிறு சொந்தப் பட்ஜெட் கொடுக்கலாம். பூங்காவுக்குள் வரும் தனியார் நன்கொடைக் கணக்கையும் அதன் மேஜையில் வைக்கச் சொல்லலாம். குழுவையே எடுத்துவிட்டால், நிலம் வாங்கும் பட்டியலை மேயர் நியமித்த ஏழு பேருக்கு முன்னால் வட்டார வாரியாக உட்கார்ந்து படிக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

கேள்வி கேட்டவர் அங்கே குடியிருப்பவராக இருந்தால், போய்ப் பார்ப்பதற்கு எந்தத் தகுதியும் வேண்டாம், குடியுரிமைகூட வேண்டாம். நிகழ்ச்சி நிரல் மூன்று நாள் முன்னதாக வெளியாகும். பேச நினைத்தால் ஓரிரு நிமிடம் கிடைக்கும். பூங்கா அழுக்காக இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லி அந்த நிமிடங்களைச் செலவழிக்க வேண்டாம். உங்கள் பூங்காவின் கடைசி மூன்று வருஷ மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு போங்கள். அது விழுந்திருந்தால், இந்த வருஷச் செயல்திட்டத்தில் அதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் தெருவில் வெறும் கார் நிறுத்துமிடமாகக் கிடக்கும் அரசு நிலம் ஏதாவது இருந்தால், அது யாருடைய பெயரில் இருக்கிறது, அதிகத் தேவையுள்ள பகுதி வரைபடத்துக்குள் வருகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொண்டு, வட்டாரத்தின் இரண்டு உறுப்பினர்களையும் கூட்டத்துக்கு முன்பே சந்தித்துவிடுங்கள். நிலம் வாங்கும் பட்டியலில் ஒரு பெயரை ஏற்றச் சொல்லி அவர்கள் கேட்பதற்கு அது போதும்.